கல்லைக் காக்கும் தட்டான்

வெயில் ஏறினால்தான் தட்டான்கள் ஆற்றுக்கு வரும். தாமிரபரணியின் பாபநாசம் படித்துறையில் ஆச்சி துணி அலசி முடிக்கிற நேரத்தில், தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் கல் ஒவ்வொன்றிலும் செவ்வூதா நிறத்தில் ஒரு ஆண் தட்டான் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று நெருங்கினால் விரட்டிவிட்டு அதே கல்லுக்குத் திரும்பும். "இடத்த விட்டுக் குடுக்குமால அது?" என்பாள் ஆச்சி.

அதிகாலையில் அதே தட்டான் கரையோரக் கோரையில், இறகில் பனித்துளியோடு அசையாமல் கிடக்கும். உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். உச்சிவெயிலிலோ சூடு தாங்காது. வாலைச் சூரியனுக்கு நேராக நட்டமாகத் தூக்கி நிற்கும். அப்படி நின்றால் மேலே விழும் வெயில் குறையும்.

முண்டந்துறைக் காட்டோடைகளை நினைத்தால் வேறொரு நிறம்தான் முன்னால் வருகிறது. அங்கே ஒரு ஊசித்தட்டான் உண்டு. இறகை மூடியிருந்தால் வெறும் பழுப்பு. பெண்ணைக் கண்டதும் பின்னிறகை விரிக்கும். ஓடை நிழலில் பச்சை பளீரென்று வெட்டும். அந்தப் பச்சைக்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை.

பெண் தட்டான்கள் ஆற்றங்கரையில் அதிகம் தங்குவதில்லை. இரை தேடித் தள்ளியே திரியும். சேரவும் முட்டையிடவும்தான் தண்ணீருக்கு வரும். ஆண் வால்நுனிக் கொடுக்கால் அதன் தலைக்குப் பின்னால் பற்றிக்கொள்ள, பெண் தன் வாலை வளைத்து ஆணின் வயிற்றின் அடிப்பகுதியில் சேர்க்கும். இரண்டும் ஒரு வளையமாகிவிடும். 1979-இல் ஜோனதன் வாகே என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓடைக்கரை ஊசித்தட்டான் ஒன்றில் வியப்பான ஒன்றைக் கண்டறிந்தார்: ஆண் தன் விந்தைச் செலுத்துமுன், பெண்ணின் உடலில் முந்தைய ஆண் விட்டுச்சென்றதை வழித்தெடுத்துவிடுகிறது. பல தட்டான் இனங்களில், பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை ஆண் தலைக்குமேல் பறந்து காவல் நிற்பது இதனால்தான். ஆச்சி பார்த்த பிடிவாதமும் இதற்காகத்தான். கல் கையில் இருந்தால், முட்டையிட வரும் பெண்ணை முதலில் சந்திக்கலாம்.

ஊசித்தட்டான், தண்ணீரில் அலையும் தண்டையும் வேரையும் கீறி உள்ளே முட்டை வைக்கும். பொரிக்கும் குஞ்சுகள் கொசுப்புழுக்களைத் தின்று ஆற்றுக்குள்ளேயே வளரும். பாபநாசத்தில் பரிகாரமென்று விடும் வேட்டியும் சேலையும் அந்தத் தண்டுகளில்தான் சுற்றிக்கொள்கின்றன, கற்களுக்கிடையே அழுகிக் கிடக்கின்றன. தாமிரபரணியில் முங்கிக் குளியுங்கள், கும்பிடுங்கள். துணியை மட்டும் ஆற்றில் விடாதீர்கள்.