இழுவைக் கப்பலில் ஓர் அப்பா

இராமேசுவரம் சுற்றுலாவின்போது பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றோம். வடக்கே, சென்னையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகப் பணிக்குச் செல்லும் இழுவைக் கப்பலொன்று காத்திருந்தது. ஈஸ்டருக்குப் பின் வீட்டுக்கே வராத எங்கள் தோழியின் அப்பா அதில்தான் இருந்தார்!

பெருங்கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் துறைமுகத்தில் சேர்ப்பது இத்தகைய சிறு கப்பலே. ஆழங்குறைந்த இக்கால்வாயில் நுழைய இயலாமல் அவை இலங்கையைச் சுற்றிச் செல்கின்றன. இதுவோ எளிதாய் நுழைந்துவிடும்.

2025இல் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தின் நடுப்பகுதி மெல்ல உயர்ந்தது. கப்பல் நெருங்கியதும், “அப்பா!” என்று அவளோடு நாங்கள் நாற்பது பேரும் கூவினோம். மேல்தளத்தில் ஒருவர் துண்டை அசைத்தார். அவர்தானா? அவளுக்கே தெரியவில்லை. சிறிது நேரத்தில் கப்பல் புள்ளியாயிற்று.

எத்தனையோ கப்பல்களைக் கரைசேர்ப்பவர் தம் வீடு சேர்வது எப்போது? அன்று மாலைச் செபமாலையை அவருக்காகவே ஒப்புக்கொடுத்தோம்.