கேட்பதில் என்ன கூச்சம்?

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிய எங்கள் பாட்டி, பெரட்டில் வாய் திறந்ததில்லை. கங்காணி காட்டியதே நிரை, கிராணி எழுதியதே கணக்கு. எதிர்த்துப் பேசினால் வேலையோடு லயத்து வீடும் போய்விடுமே!

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாங்களும் ஈப்போவுக்கு வந்து, அலுவலக வேலைக்குப் போகிறோம். அந்தப் பயம் மட்டும் இன்னும் விடவில்லை. "ஒழுங்கா வேலை செய்ம்மா, அவங்களே பார்த்துக் கொடுப்பாங்க" என்பார் அம்மா.

அப்படித் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. ஈப்போவில் 1927இல் பிறந்தவர் ஆசிரியை ராசம்மா பூபாலன். ஒரே வேலைக்கு ஆணைவிடப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவாக இருந்த காலம் அது. 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவியான அவர், சம ஊதியம் கேட்டார். அரசுப் பணியிலிருந்த பெண்களுக்கு அது 1969இல்தான் கிடைத்தது. அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இன்று சட்டமே கேட்கச் சொல்கிறது. திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின்படி, 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித்தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளில் எழுத்திலேயே பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும்.

பதவி உயர்வுக்கு இந்த விதி கிடையாது. ஆனால் அதையும் இதே முறையில் கேட்கலாம். இந்த ஆண்டு செய்த வேலைகளைப் பட்டியலிடுங்கள். வேண்டிய பொறுப்பைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பதிலுக்கு ஒரு தேதி கேளுங்கள். கிடைக்காவிட்டாலும், ஏன் கிடைக்கவில்லை என்பதாவது தெரியும். அடுத்த முறை அதைச் சரிசெய்துகொண்டு கேட்கலாம்.