அப்பாயி பிறந்த ஊர்

அப்பாயி பிறந்த ஊர் எது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தாவுக்குத் துறையூர்ப் பக்கம் என்பது மட்டும் வாய்வழியாக வந்திருந்தது. இலங்கையின் கலஹா மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து, அங்கேயே மண்ணோடு அடங்கியவர் அப்பாயி. ஓய்வு பெற்ற பிறகு, கண்டியில் இருந்தபடியே அவருடைய ஊரைத் தேட ஆரம்பித்தேன்.

தோட்டத்துக் காகிதங்களில் அது கிடைக்கவில்லை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர், வேலை நாள், சம்பளம் உண்டு. அந்தக் காலத்துத் ‘துண்டு’, கடனைத் தீர்த்தால் தொழிலாளியை வேறு தோட்டத்துக்கு விடலாம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டு. அந்த முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பட்ட கடனை எழுதியவர்களுக்குப் பிறந்த மண் தேவைப்படவில்லை.

இங்கிலாந்தின் குவேக்கர் குடும்பங்கள் தங்கள் வேர்களைத் தேடும் விதம் பற்றி வாசித்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது. அரச திருச்சபைக்கு வெளியே நின்ற சிறிய சமூகம். பிறப்பு, திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே தாங்களே எழுதி வைத்தார்கள். திருமணச் சான்றிதழில் வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்திடுவார்கள். அந்த ஒரு தாளிலேயே சொந்தபந்தம் பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்களைப் பற்றி எழுதியவர்கள் துரைமாரும் கணக்கப்பிள்ளைமாரும்தான். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்குக் கண்டி மஹியாவையில் கல்லறை இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டித் திருத்தியவர்களுக்குக் கல் நட யாருமில்லை.

இப்படிப் பதிவில்லாத சனங்களிடம்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தாட்சி கேட்டது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். காட்டக் காகிதமில்லாமல் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். அது அநியாயம், அதைவிட மென்மையான சொல் எனக்குத் தெரியவில்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அப்பாயியின் தம்பி குடும்பமும் அந்தக் கணக்கில் கப்பலேறியது.

என்னைப் போலத் தேடுகிறவர்கள் சிலர் புசல்லாவையிலும் கம்பளையிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். தோட்டத்தின் பேர், கங்காணியின் பேர், குலதெய்வம் இவற்றை ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வோம். நம்மிடம் இருப்பதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் கேட்பது என்பது எங்களுக்குள் பழக்கம். கூடலூர்க்காரர் வழியாகத்தான் கோத்தகிரியில் இருக்கும் சின்னம்மா கிடைத்தார், அப்பாயியின் தம்பி மகள். சிறு பிள்ளையாக இங்கிருந்து போனவர்.

இந்தியாவுக்கு மனுப் போட்டவர்கள் பூர்வீக ஊரை எழுத வேண்டியிருந்தது. சின்னம்மா வீட்டுப் பெட்டியில் அவர் அப்பாவின் பழைய கடவுச்சீட்டு இருந்தது. சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா, அதன் கீழே ஓர் ஊர். தம்பியின் ஊர்தானே அக்காவின் ஊரும்! ஆனால் ஆங்கில எழுத்தில் ஊர்ப் பேர் சிதைந்திருந்தது. இரண்டு கிராமங்களுக்குப் பொருந்தியது. அப்பாயி வருடா வருடம் படையல் போட்ட சாமியின் பேரை, எங்களைப் போலத் தேடுகிற புசல்லாவை ஆசிரியர் ஒருவருக்கு எழுதினேன். அவருடைய சொந்தக்காரர்களும் நாமக்கல் பக்கம்தான். அந்தச் சாமிக்கு எந்த ஊரில் கோயில் என்று விசாரித்துச் சொன்னார். அதோடு குழப்பம் தீர்ந்தது.

“ஏய்யா, எங்க அப்பாரைப் பொதைச்ச எடம் இன்னும் இருக்கா?” என்று சின்னம்மா கேட்டார். அவருடைய அப்பார், அப்பாயியின் தகப்பனார். கலஹாவுக்குப் போனேன். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இடத்தைக் காட்டினார். பாதிக்கு மேல் தேயிலை ஏறியிருந்தது. படமெடுத்து அனுப்பினேன். போனவர்களிடம் காகிதம் இருக்கிறது, நின்றவர்களிடம் மண் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு குடும்பத்தின் கதை முழுமையாகிறது.

தமிழ்நாட்டில் இருக்கிற தாயகம் திரும்பியோர் குடும்பங்களிடம் நான் கேட்பது இதுதான். பெட்டியில் கிடக்கும் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் படி எடுத்து, இலங்கையில் இருக்கும் உறவுகளுக்கு அனுப்புங்கள். இங்கே இருப்பவர்கள் தோட்டத்தின் தமிழ்ப் பேர், ஆங்கிலப் பேர் இரண்டையும், புதைகுழி இருக்கும் மலையையும் எழுதி அனுப்புங்கள். குடும்பத்துக்குள் வாழ வந்த பெண்கள் பிறந்த ஊரையும் மறக்காமல் எழுதுங்கள்.