அருள்புரத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க ராஜா!

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் பஸ்ஸில் ஏறி, வீரபாண்டி பிரிவைத் தாண்டினால் அருள்புரம். இறங்க வேண்டிய இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லிவிடலாம். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், உள்ரோட்டில் நிட்டிங் மெஷின்கள் சுற்றுகிற இரைச்சல், இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு டீக்கடையிலிருந்து இளையராஜா.

காலை எட்டு மணிக்கு மேல் இந்த ரோடு முழுக்க டிபன் பாக்ஸ்கள்தான். கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். எட்டரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால், ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரை வரை. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை ஓட்டுவதற்கு டீயும் பாட்டும்தான் துணை. சுவரில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கும் கம்பெனிகளில், மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரத்தில், `ராஜா பாட்டு போடுப்பா' என்று யாராவது குரல் கொடுக்காமல் இருக்கமாட்டார்கள்.

சரி, அந்த ராஜாவை நாம் முழுசாகக் கேட்டிருக்கிறோமா?

பீஸ் பீஸாகக் கேட்ட இசை

பனியன் கம்பெனியில் ஒரு டி-ஷர்ட்டை ஒருவரே தைப்பதில்லை. ஓவர்லாக்கில் ஒருவர் தோள்பட்டையை இணைப்பார். அடுத்தவர் கை ஏற்றுவார். பேட்லாக்கில் இன்னொருவர் அடிமடிப்பு அடிப்பார். கைமடிக்கிறவர் அடுக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். நாள் முழுக்கக் கை மட்டுமே தைத்தவர் முழு டி-ஷர்ட்டைப் பார்ப்பது செக்கிங் டேபிளைக் கடந்து போகும்போதுதான்.

ராஜாவையும் நாம் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். பஸ்ஸில் ஒரு பாட்டு, கல்யாண வீட்டில் ஒரு பாட்டு, எஃப்.எம்-மில் நள்ளிரவுக்கு ஒரு பாட்டு. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், பிடித்த பாட்டுகளை ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கினோம். இப்போது அந்த வேலையைப் போன் செய்கிறது. ஒரே படத்தின் எல்லாப் பாட்டையும், வந்த வரிசையில், ஒரே மூச்சில் கேட்பவர்கள் எத்தனை பேர்?

அப்படிக் கேட்க அருள்புரத்தைப்போல ஓர் ஊர் கிடைக்காது. இந்த ஊரின் ஒரு நாளுக்குள் அவருடைய ஐம்பது வருடத்தை அடக்கிவிடலாம்.

காலை: ஊரை விட்டு வந்தவர்கள்

திருப்பூர்ப் பக்கம் வேலைக்கு வந்தவர்களில் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் நிறைய. இளையராஜாவும் அந்த மண்ணிலிருந்து கிளம்பியவர்தான். தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளோடு ஊர் ஊராகப் போனவர். பிறகு வேலை தேடி சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-ல் `அன்னக்கிளி'யில் அறிமுகமானார்.

1970-களின் கடைசியில்தான் திருப்பூர் பனியனும் வெளிநாட்டுக்குக் கப்பலேற ஆரம்பித்தது. ஊரும் அவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வளர்ந்தார்கள்.

எனவே, காலை ஷிப்ட்டுக்கு `அன்னக்கிளி'. கிராமத்துக் குரலும் மெட்டும் அதில் அப்படியே இருக்கும். அடுத்து, 1978-ல் வந்த `முள்ளும் மலரும்'. அதே ஆண்டின் `பிரியா'வை மறக்காமல் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக் கேட்க வேண்டும். ஸ்டீரியோவில் பதிவான ஆரம்ப காலத் தமிழ்ப் படங்களில் அதுவும் ஒன்று. எந்த வாத்தியம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனித்தாலே போதும், நேரம் போவது தெரியாது.

1980-ல் `ஜானி', `நிழல்கள்', `மூடுபனி' மூன்றும் வந்தன. `மூடுபனி' அவருக்கு 100-வது படம். நான்கே வருடத்தில் நூறு! ஓவர்டைம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

மதியம்: கேசட் தேய்ந்த வருடங்கள்

இது எல்லோரும் அறிந்த ராஜா. ஆனாலும் ஆல்பமாகக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். 1985-ல் வந்த `சிந்து பைரவி' கர்னாடக இசையைச் சுற்றியே நடக்கும் கதை. `சாகர சங்கமம்' தெலுங்குப் படத்துக்குப் பிறகு அவருக்கு மறுபடியும் தேசிய விருது வாங்கித் தந்தது. மறு வருடமே `புன்னகை மன்னன்'. அதில் கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்தார். 1989-ல் `கரகாட்டக்காரன்'. நாகஸ்வரமும் தவிலும் திருவிழாக் கூட்டமுமாக, திரும்பவும் ஊர்ப் பக்கம். 1991-ல் `தளபதி'. பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு மும்பையில் பதிவானது. இந்த நான்கையும் அடுத்தடுத்து கேட்டால், இவை ஏழே வருடத்துக்குள் ஒரே மனிதர் செய்த வேலை என்று நம்பவே சிரமமாக இருக்கும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். `அந்தக் காலத்து ராஜா மாதிரி வராது' என்று சொல்லிவிட்டு, கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நஷ்டம் அவருக்கல்ல, கேட்பவர்களுக்குத்தான்.

சாயங்காலம்: மொழி தேவையில்லாத டீ பிரேக்

சாயங்கால டீ பிரேக்கில் அருள்புரம் வேறு ஊராகிவிடும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள், பெண்கள். சில கடைகளில் இந்தி போர்டு. டீ கிளாஸோடு நிற்கும் பத்து பேரில் பாதிப் பேரின் காதில் இயர்போன். ஒருவர் போனில் போஜ்புரி, இன்னொருவர் போனில் ஒடியா, பக்கத்தில் நிற்பவர் போனில் ராஜா. ஒரு காலத்தில் ஹால் முழுக்க ஒரே பாட்டைக் கேட்டது. இப்போது பக்கத்து மெஷின்காரர் என்ன கேட்கிறார் என்பதே தெரியாது. பேச்சும் குறைந்துவிட்டது.

இந்த இடத்துக்கென்றே ராஜாவிடம் இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன. இரண்டிலும் பாடல் வரிகள் கிடையாது. 1986-ல் வந்த `ஹௌ டு நேம் இட்?' தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக் என்ற இசைமேதைக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அதில் பேசும். `பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற அர்த்தத்தில் ஒரு பகுதிக்குப் பெயரே வைத்திருக்கிறார். திருவையாறும் ஜெர்மனியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல இருக்கும். 1988-ல் வந்த `நத்திங் பட் விண்ட்', ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ஆர்கெஸ்ட்ரா சேர்ந்தது.

இதைக் கேட்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவரும் உசிலம்பட்டியிலிருந்து வந்தவரும் ஒரே ஸ்பீக்கரில் கேட்கலாம். ஒரு நாள் டீ பிரேக்கில் போட்டுப் பார்க்கலாமே!

ராத்திரி: ஓய்ந்த பிறகு

இந்த ஊர் ஒருமுறை சத்தமில்லாமல் இருந்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த பிரச்னையில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் நின்றால் துணி நிற்கும். துணி நின்றால் தையலும் நிற்கும். பலர் மூட்டையைக் கட்டி ஊருக்குப் போனார்கள். கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாறிய பிறகுதான் பட்டறைகள் திரும்ப ஓடின. அருள்புரத்திலும் அப்படியொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மெஷின் சத்தத்தைத் தொல்லை என்று இந்த ஊரில் யாரும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சத்தம் இருந்தால் சனிக்கிழமை சம்பளம் இருக்கும்.

எட்டரைக்கு மெஷின்கள் ஓய்ந்த பிறகு கேட்க வேண்டியவை, அவருடைய பிற்கால ஆல்பங்கள். 2000-ல் `ஹே ராம்'. வேறொருவர் இசைக்காகப் படமாக்கி முடித்திருந்த பாடல் காட்சிகளுக்கு, உதட்டசைவு பிசகாமல் புதிதாக இசையமைத்தார். வெட்டிய துணியை வீணாக்காமல் வேறு அளவில் தைப்பதுபோல. அந்தக் கஷ்டம் ஒரு டெய்லருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2003-ல் `பிதாமகன்'. 2005-ல் `திருவாசகம்'. மாணிக்கவாசகரை ஹங்கேரியின் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு சேர்த்த தொகுப்பு. பக்திக்காகக் கேட்பவர்கள், இசைக்காகக் கேட்பவர்கள் இருவருக்குமே அதில் இடமுண்டு. 2023-ல் `விடுதலை'. எண்பதை நெருங்கியவரின் வேலை அது.

2025 மார்ச் 8-ல் லண்டன் இவென்டிம் அப்பல்லோ அரங்கில் அவருடைய `வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 81. ஒரு சிம்பொனியைப் பீஸ் பீஸாகக் கேட்க முடியாது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உட்கார வேண்டும். நம்மிடம் அவர் கேட்பதும் அந்தப் பொறுமையைத்தான் என்று தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை

அத்தனையையும் ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டாம். வாரம் ஓர் ஆல்பம் போதும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதோ, கறிக்குழம்பு கொதிக்கும்போதோ, `அன்னக்கிளி'யில் ஆரம்பிக்கலாம். பாட்டைத் தள்ளிவிடாமல் வரிசையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் அப்பாவுக்கு ஒரு பாட்டு பிடிக்கும், பிள்ளைக்கு வேறொன்று பிடிக்கும், யாருக்கும் ஞாபகமில்லாத மூன்றாவது ஒன்று எல்லோருக்கும் பிடித்துவிடும். இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டால்தான் இதெல்லாம் நடக்கும்.

திங்கள் காலை எட்டரைக்கு அருள்புரத்தில் திரும்பவும் மெயின் ஸ்விட்ச் விழும். ஓவர்லாக் ஓட ஆரம்பிக்கும். டீக்கடை ஸ்பீக்கரில் ஏதோ ஒரு ராஜா பாட்டு பாதியிலிருந்து கேட்கும். முந்தின நாள் ஆல்பத்தை முழுசாகக் கேட்டவருக்கு, அடுத்து வர வேண்டிய பாட்டு எது என்று தெரிந்திருக்கும்.