முடி கொட்டும் மணி

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. வெள்ளை நிறம், உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. பொமரேனியன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்ம பக்கம் அப்படிச் சொல்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான் என்று கால்நடை மருந்தக டாக்டரம்மா சொன்னார்கள். பேர் எதுவா இருந்தா என்ன, முடி கொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

பாயில் முடி, துவைச்ச துணியில் முடி, ஒரு நாள் ரசத்தில்கூட முடி. எங்க அப்பத்தாவுக்கு இளைப்பு உண்டு. "இத கொண்டுபோய்த் தோப்புல கட்டுங்கடா. இல்லேன்னா நான் என் மக வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிருச்சு. சித்தப்பா, மொட்டை அடிச்சிட்டா சரியாப்போகும், வெயிலுக்கும் நல்லது என்றார்.

அதைக் கேட்கத்தான் நானும் அம்மாவும் மருந்தகத்துக்குப் போனோம். டாக்டரம்மா வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, மணியின் முதுகில் வகிடு எடுத்துக் காட்டினார்கள். மேலே நீளமான முரட்டு முடி, அது வெயிலையும் தண்ணியையும் தடுக்கும். அடியில் பஞ்சு மாதிரி குட்டை முடி. அதற்குள் காற்று தங்குவதால் சூடும் குளிரும் சட்டென்று தோலுக்குப் போகாது. வீட்டில் பறப்பதில் அதிகம் அந்தப் பஞ்சுதான். மொட்டை அடித்தால் வெயில் நேராகத் தோலில் படும். இந்த மாதிரி நாய்க்குச் சில சமயம் முடி ஒழுங்காகத் திரும்ப முளைக்காதாம். சிப்பிப்பாறை, கன்னி நாய்க்கெல்லாம் குட்டை முடி என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

உதிர்ந்த பஞ்சு உள்ளேயே சிக்கினால் சடை விழும், அடியில் ஈரம் காயாமல் புண் வரும். மணிக்குக் காதுக்குப் பின்னால் அப்படி ஒரு சடை இருந்தது. அதைக் கத்தரியால் வெட்டக்கூடாது. தோலும் சடையோடு மேலே வந்திருக்கும், வெட்டுப்படும்.

எதை வைத்து வாருவது? அப்பத்தாவின் ஈருவலி உள்ளே நுழையவே இல்லை. அம்மாவின் அகலப்பல் சீப்பு சுலபமாகப் போகிறது, ஆனால் பஞ்சு வரவில்லை. தேனியில் ஒரு கடையில் மூன்று விதம் காட்டினார்கள். ஒன்று ஸ்லிக்கர் பிரஷ், பலகையில் வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும். இன்னொன்று ரேக். சருகு வாருகிற வாரியைச் சின்னதாகச் செய்த மாதிரி இருக்கும், பல் நுனி உருண்டை. மூன்றாவது பிளேடு மாதிரி. அதில்தான் முடி நிறைய வருகிறது. ஆனால் அழுத்தி இழுத்தால் மேல்முடியையும் அறுக்கும், தோலையும் சுரண்டும். நாங்கள் ரேக் வாங்கினோம்.

வாருவது நான்தான். முதலில் சடையை விரலால் பிரிக்க வேண்டும். முடியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது, மணியும் உறுமாது. பிறகு முடியை மேலே தூக்கிப் பிடித்து, கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாரணும். கழுத்து, தொடையின் பின்பக்கம், வால், இங்கேதான் பஞ்சு அதிகம். குளிப்பாட்டுவதற்கு முன்னாடியே வாரணும், நனைந்தால் சடை இறுகிவிடும். முதல் நாள் ஒரு சொம்பு நிறைய வந்தது. மணி பாதியாகிப் போன மாதிரி இருந்தான்!

இளைப்புக்கு முடி மட்டும் காரணம் இல்லையாம். நாயின் எச்சிலும், பொடுகு மாதிரி உதிர்கிற தோலும்தான் சேராதாம். அதனால் வேப்பமரத்தடியில்தான் வாருகிறேன், அப்பத்தாவைப் பக்கத்தில் விடுவதில்லை. அப்பத்தா கட்டிலுக்குக் கீழே மணி படுப்பதும் கூடாது. இதுதான் கஷ்டம். ராத்திரி கதவைச் சாத்தினால் வெளியே ஊளை விடுகிறான். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இப்போது புதனும் ஞாயிறும் வாருகிறேன், கைப்பிடி அளவுதான் வருகிறது. போன மாசம் அப்பத்தாவுக்கு ஒரே ஒரு தடவை இளைப்பு வந்தது. மணி விஷயத்தைக் கேட்டால், "கார்த்திகை வரைக்கும் பாப்போம்" என்று சொல்லியிருக்கு.

- 9-ஆம் வகுப்பு மாணவி