பாட்டிலே படித்தவர் என் அம்மா



தாய்மொழி என்று சொல்கிறோம். தந்தைமொழி என்று எவரும் சொல்வதில்லை. இச்சொல்லின் முழுப்பொருளை நான் இரண்டு மூதாட்டிகளிடம் கற்றேன். ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா. மற்றவர் தெங்கேராவில் அவருக்கு வாய்த்த தோழி. இருவரும் மாரியம்மனை வணங்கியவர்கள். இருவரும் பாட்டென்றால் உயிரை விடுபவர்கள். ஒருவர் தமிழில் பாடினார். மற்றவர் மலாயில் பாடினார்.

அம்மா 1944ஆம் ஆண்டில் ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்திலேயே தமிழ்ப்பள்ளி இருந்தது. ஆனாலும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தலையில் விழுந்ததால், ஓராண்டோடு படிப்பு நின்றுபோனது. பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போய்விட்டார். இருள் பிரியுமுன் எழுந்து குளித்து, சாமிமேடையில் விளக்கேற்றி, ஒரு பாட்டாவது பாடிய பிறகே பெரட்டுக்குப் புறப்படுவார். மழையால் வெட்டு இல்லாத நாள்களிலும் இவ்வழக்கம் மாறாது. இன்னும் சற்று நேரம் தூங்கக்கூடாதா என்று அப்பா கேட்டால், "மரத்துக்குத்தான் இன்னிக்கு லீவு, சாமிக்கு ஏது?" என்பார்.

இத்தனை பாடல்களை அவர் எங்கே கற்றார்? தோட்டத்துக் கோயிலின் மார்கழி பஜனை ஒரு பள்ளி. அண்டை வீட்டு வானொலி மற்றொரு பள்ளி. 1946 முதல் இந்நாட்டில் ஒலித்துவரும் தமிழ் வானொலியை இன்று மின்னல் பண்பலை என்று அறிகிறோம். அதில் ஒரு பாடல் எப்போது மீண்டும் வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் முறை பல்லவி மனத்தில் தங்கும். அடுத்த முறை ஒரு சரணம். விட்டுப்போன சொல்லை மறுநாள் நிரையில் பக்கத்து மரத்துப் பெண்ணிடம் கேட்டுக்கொள்வார். இப்படி ஒரு பாடல் முழுமை பெற ஒரு மாதமும் ஆகும், ஓராண்டும் ஆகும்.

மூன்றாவது பள்ளி, திடலில் வெண்திரை கட்டிக் காட்டிய படங்கள். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படம் சில ஆண்டுகள் கழித்து எங்கள் தோட்டத்துக்கு வந்ததாம். கே. பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்ட அந்த இரவை அம்மா வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஔவையின் ஆத்திசூடியை அவர் ஏட்டிலே கண்டதில்லை. ஆனால் முதலாம் வகுப்பில் நான் அதை ஒப்பித்தபோது ழகரம் வழுக்கினால், சமையற்கட்டிலிருந்து திருத்தம் வரும். எழுத்தின் வடிவத்தை அறியாதவர், அதன் ஒலியில் மட்டும் பிழை பொறுக்கமாட்டார்!

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அம்மா தெங்கேராவில் என்னோடு குடியேறினார். அருகிலுள்ள காஜா பேராங்கில்தான் மலாக்கா செட்டிகளின் கம்பம் இருக்கிறது. அங்கே 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயத்துக்கு அம்மா வெள்ளிதோறும் போகத் தொடங்கினார். அங்குக் கிடைத்தவர்தான் அந்தத் தோழி. அம்மா அவரை 'அக்கா' என்பார். அவர் அம்மாவை 'அடெக்' என்பார். இருவருக்கும் பேச்சு மலாயில்தான்.

மலாக்கா செட்டிகளின் வரலாற்றை மாணவர்களுக்கு நாம் சொல்லவேண்டும். மலாக்கா சுல்தானகக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் இங்கேயே பெண்ணெடுத்துக் குடும்பமாயினர். இவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அம்மை நோயிலிருந்து காக்க அன்னையை வேண்டும் டத்தோ சாச்சார் திருவிழாவை இன்றும் ஆண்டுதோறும் பத்து நாள் எடுக்கிறார்கள். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறியும் சமயத்தை விடவில்லை. வீட்டுமொழி மட்டும் மலாயானது.

அந்தத் தோழியின் பாட்டும் தெய்வீகமானதே. தொண்டாங் சாயாங் பாடுவதில் அவர் வல்லவர். ஒருவர் நான்கடிப் பந்துன் பாட, மற்றவர் அங்கேயே புனைந்து விடை பாடும் கலை அது. வயலினும் ரெபானாவும் துணை நிற்கும். மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி, போர்த்துகீசிய வழியினர் என மலாக்காவின் நான்கு சமூகத்தாரும் போற்றும் இக்கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் வீட்டு முன்கூடத்தில் அவர் ஒரு பந்துன் பாடுவார். அம்மா மாரியம்மன் பாட்டொன்றால் விடை சொல்வார். சொல் புரியாவிட்டால் என்ன? இருவர் கண்களும் கலங்கியிருக்கும்.

ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: "சிக்கு, எங்கள் முப்பாட்டன்மார் தமிழ் பேசினார்கள். எங்கள் முப்பாட்டிமார் மலாயில் தாலாட்டினார்கள். பிள்ளைகள் தாலாட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள்."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தம் பாட்டிமாரின் மொழியை அவர் பெருமையோடு பாடினார். எனக்குத்தான் ஓர் உண்மை உறைத்தது. கோயில் சமயத்தைக் காக்கும். பள்ளி எழுத்தைக் காக்கும். மொழியோ வீட்டில் பாடும் வாயில் இருக்கிறது.

இதை மெய்ப்பித்தவன் என் தங்கை மகன். அவன் தேசியப் பள்ளியில் படித்தவன். வீட்டிலும் தமிழ் குறைவு. பள்ளி விடுமுறை தோறும் பாட்டியிடம் வந்து தங்குவான். அவர் சாமிமேடை முன் பாட, அருகில் அமர்ந்து கூடவே பாடுவான். பொருள் தெரியாது, ராகம் பிசகாது.

அம்மா 2022இல் தமது 78ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கருமக்கிரியை முடிந்த மறுநாள், பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு பயிற்சிப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். பாட்டி பாடிய பதினொரு பாடல்கள் அதில் இருந்தன. அத்தனையும் ரூமி எழுத்தில்! "மறந்துபோயிடும்னு எழுதி வச்சேன் மாமா. இத தமிழ்ல எழுதிக் கொடுங்க" என்றான்.

"நான் எழுதமாட்டேன். நீயே எழுது, நான் கற்றுத் தருகிறேன்" என்றேன்.

வார இறுதிகளில் அமர்ந்தோம். ரூமியில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒன்றே. எங்கே எது வரும் என்று ஏட்டைப் பார்த்துச் சொல்ல இயலவில்லை. ஒவ்வொரு முறையும் அவனைப் பாடச் சொன்னேன். கண்ணை மூடிப் பாடுவான். பாட்டியின் நாக்கு எங்கே மடிந்ததோ, அங்கே அவன் நாக்கும் மடிந்தது. ழகரம் அங்கே இருந்தது! பதினொரு பாடல்களையும் தமிழில் எழுதி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. இன்று அவன் தட்டுத் தடுமாறித் தமிழ் நாளிதழ் படிக்கிறான். எனக்கு முன்பே அவனுக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். நான் எழுத்தை மட்டுமே சேர்த்தேன்.

அன்புள்ள பெற்றோர்களே, பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் புலமை வேண்டுமா என்று தயங்குகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். ஓராண்டு மட்டுமே பள்ளி சென்ற ஒருவர் ஒரு பேரனுக்கு ழகரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வாகனத்தில் ஒலிக்கும் பாடல் போதாது; அது பிள்ளையின் பிழையைக் கேட்டுத் திருத்தாது. உங்கள் குரல் இனிமையாக இருக்கவேண்டியதில்லை. அம்மாவின் குரலும் கடைசிக் காலத்தில் கரகரத்துத்தான் இருந்தது.

ஆசிரிய நண்பர்களே, மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்கு மாணவரைப் பயிற்றும்போது, "இதை உன் வீட்டில் யார் பாடுவார்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாட்டி என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பாட்டியை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். கையொப்பமிடத் தெரியாதவராகவும் அவர் இருக்கலாம். நாற்காலி போட்டு அமர வையுங்கள். அன்று அவரே ஆசிரியர்.