உப்புக் காற்றும் இரண்டு சுத்தியலும்

தூத்துக்குடிக்கும் இரும்புக்கும் ஆகாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், வாசல் கேட்டின் கொண்டி, எதுவாக இருந்தாலும் சில வருஷங்களில் செதில் செதிலாக உதிரும். கொண்டல் அடிக்கிற நாட்களில் காலையில் துடைத்த பூட்டு சாயங்காலம் விரலில் பிசுபிசுக்கும். மழை குறைச்சலான ஊர், வெயிலுக்குக் குறைவில்லை. அதனால்தான் அங்கே உப்பு விளைகிறது. முத்தையாபுரம் பக்கம் ரோட்டை ஒட்டி வெள்ளை வெளேரென்று குவித்திருப்பார்கள். அதை ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் வழியெல்லாம் உப்புத்தண்ணியைச் சொட்டிக்கொண்டே போகும். அந்த ஈரத்தில் நாள் முழுக்க ஓடின கார்களின் அடிப்பாகம் என்ன ஆகும் என்பதை நான் சின்ன வயசிலேயே படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

திருச்செந்தூர் ரோட்டில் வேப்பமரத்தடிப் பட்டறை ஒன்று இருந்தது. போர்டு கிடையாது. ஓலைக் கொட்டகை, காரை மேலே ஏற்றி நிறுத்தி அடியில் வேலை பார்க்க ஒரு குழி, ஆயில் ஊறிக் கறுத்துப்போன மண். நடத்தினவரை ஊரே ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டது. அப்பா அம்பாசடர் டாக்சி ஓட்டினார். காலையில் மெட்ராஸ் ரயிலுக்கு ஸ்டேஷன், பிறகு துறைமுகம், சாயங்காலம் பனிமய மாதா கோயில் பக்கம். பள்ளி லீவு நாட்களில் வண்டி பட்டறைக்குப் போனால் நானும் கூடப் போய்விடுவேன்.

1974-இல் புதுத் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு ஊரில் கார்கள் பெருகின. கப்பல் ஏஜென்டுகளின் வண்டிகளும் டாக்சிகளும் பெரும்பாலும் அம்பாசடர்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி வங்காளத்தில் உத்தரபாராவில் செய்த வண்டி அது. எதையும் கழற்றலாம், எதையும் திரும்ப மாட்டலாம் என்பது அதன் பெருமை. ஆனால் எங்கள் ஊர்க் காற்று அந்தக் ‘கழற்றலாம்’ என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் வந்தால் அண்ணாச்சி முதலில் பார்ப்பது டை ராடு எண்டை. ஸ்டீயரிங் ராடையும் சக்கரத்தைத் திருப்புகிற கையையும் சேர்க்கிற குண்டு ஜாயிண்ட் அது. ஒருவரை உள்ளே உட்காரவைத்து வளையத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, இவர் கீழே படுத்து ஜாயிண்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணுக்குத் தெரியாத தட்டல் கைக்குத் தெரியும். பத்மினி கார் வந்தால் அதிக நேரம் படுத்திருப்பார், அதில் ஜாயிண்டுகள் அதிகம்.

தேய்ந்த ஜாயிண்டைக் கண்டுபிடிப்பது சுலபம், கழற்றுவதுதான் பாடு. ஜாயிண்டின் தண்டு நுனி சிறுத்த டேப்பர். ஸ்டீயரிங் கையின் கண்ணில் அதற்கேற்ற டேப்பர் துளை. நட்டை முறுக்க முறுக்கத் தண்டு கண்ணுக்குள் இறுகி உட்காரும். பிறகு நட்டையே எடுத்தாலும் தண்டு வராது. உப்புத்தண்ணி அந்த இடுக்கில் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமே இல்லாத இடத்தில் அது விரிந்தால் இரண்டு இரும்பும் ஒன்றாகிவிடும்.

முதல் வேலை, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுப்பது. அதை யாருக்காகவும் அவர் விட்டதில்லை. அப்புறம் கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், காத்திருப்பு. ராத்திரியே ஊற்றிவைத்துவிட்டுக் காலையில் வரச் சொல்வதும் உண்டு. ஸ்ப்ளிட் பின்னைப் பிடுங்கித் தூர எறிவார், பழைய பின்னைத் திரும்பப் போடுகிற பட்டறையில் வண்டியை விடாதே என்று அப்பாவிடம் சொல்வார். நட்டைக் கழற்றும்போது சில சமயம் தண்டும் சேர்ந்து சுற்றும். அப்போது ஜாயிண்டுக்கு அடியில் சின்ன ஜாக்கியை வைத்து மேலே அழுத்தினால் டேப்பர் மறுபடி பிடித்துக்கொள்ளும், நட்டு தனியாகச் சுற்றும்.

“ஏலே, நட்ட முழுசா எடுக்காத. ரெண்டு மரை பிடிச்ச மாதிரி நிப்பாட்டு,” என்பார் உதவிப் பையனிடம். தண்டு விடுபடும்போது ராடு தடாலென்று விழாமல் நட்டு தாங்கும்.

அதற்குப் பிறகுதான் இரண்டு சுத்தியல். அவசரக்காரன் தண்டின் நுனியில் அடிப்பான். மரை நசுங்கும், தண்டு அசையாது. அண்ணாச்சி தண்டைத் தொடவே மாட்டார். கண்ணின் ஒரு பக்கம் கனத்த சம்மட்டியை ஒட்டிப் பிடித்துக்கொள்வார், நேர் எதிர்ப்பக்கம் சுத்தியலால் ஒரே வீச்சு. அந்த அடியில் வட்டமான கண் ஒரு கணம் நசுங்கி நீள்வட்டமாகும், தண்டின் மேலிருந்த பிடி விடும். இரண்டு மூன்று அடி வரைக்கும் கணீரென்று கேட்கும். பிறகு ஒரு அடி ‘டொக்’ என்று மொக்கையாகக் கேட்டால் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிட்டது என்று. நாங்கள் அந்தச் சத்தத்துக்காகவே நிற்போம்.

கவட்டை மாதிரி இரட்டை முனை ஆப்பும் அவரிடம் உண்டு. இடுக்கில் செருகி அடித்தால் பெரும்பாலும் வரும், ஆனால் ஜாயிண்டின் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். குப்பைக்குப் போகிற ஜாயிண்டுக்கு மட்டும்தான் அதை எடுப்பார். நல்ல ஜாயிண்டை வேறு வேலைக்காகப் பிரித்துத் திரும்ப மாட்டவேண்டியிருந்தால் ஆப்பு பெட்டியைவிட்டு வராது. எதற்கும் மசியாத ஜாயிண்டுகளுக்குத்தான் கேஸ் வெல்டிங் தீ. அதுவும் கண்ணைச் சுற்றிச் சூடு காட்டுவார், சிவக்க விடமாட்டார். பதம் போட்ட இரும்பு, சிவந்தால் இளகிவிடும், ஓடும்போது வளைந்தால் யார் பொறுப்பு என்பார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். அந்தக் காரில் உட்காரப் போகிறவர்களை அவர் பார்த்தது கூடக் கிடையாது.

புது ஜாயிண்ட் மெட்ராஸிலிருந்து வரும், பெரும்பாலும் ராணே மெட்ராஸ் டப்பா. பழையதைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதிவைப்பார்கள், புதியதும் அதே சுற்று. டேப்பரில் கிரீஸ் படக்கூடாது. பெட்ரோல் தொட்டுத் துடைத்து, காய்ந்த இரும்போடு காய்ந்த இரும்பு சேரவேண்டும். கடைசியில் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூல் கட்டி நேர் பார்ப்பார். மெஷின் கிடையாது. அப்பா துறைமுக ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் கூலி வாங்குவார்.

மாருதி வந்த பிறகு பட்டறையில் கூட்டம் குறைந்தது. ரோடு அகலமானபோது வேப்பமரமும் கொட்டகையும் போயின. 2014-இல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. இன்றைய ஜாயிண்டுகளைக் கழற்ற நல்ல புல்லர்கள் கிடைக்கின்றன, தேவையானவைதான், ஆனால் துருவேறின கண்ணில் புல்லரின் போல்ட்டே முறிந்துவிடுவதும் உண்டு. அண்ணாச்சியிடம் தொழில் கற்றவர்கள் திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் இன்னும் பட்டறை வைத்திருக்கிறார்கள், தலை நரைத்துவிட்டது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்தச் சம்மட்டியை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று காட்டிக்கொடுக்க அவர்களில் ஒருவரையாவது கூப்பிடவேண்டும், அவர்கள் கையில் தெம்பு இருக்கும்போதே.